ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கொலை

லினக்ஸுக்குள் 'கில்லர்' என்று பகிரங்கமாகவே பெயர் வைத்துக்கொண்டு ஓர் ஆசாமி இருக்கிறான். முழுப்பெயர் 'அவுட் ஆஃப் மெமரி கில்லர்'. சர்வரில் மெமரி சுத்தமாகத் தீர்ந்தால் வருவான். இருப்பதில் எந்த புரோகிராம் அதிக இடத்தை அடைத்திருக்கிறதோ, பெரும்பாலும் அதைப் போட்டுத் தள்ளிவிட்டு மற்றவர்களைக் காப்பாற்றுவான். தப்பு யாருடையது என்று விசாரிப்பதில்லை. யார் குண்டு? அவ்வளவுதான் விசாரணை.

இவனால் எனக்குத் தெரிந்த பையன் ஒருவனுக்கு வேலையே போக இருந்தது. (பையன் பெயர் வேண்டாம். கம்பெனி பெயர் நிச்சயமாக வேண்டாம்.) ஒரே சர்வர், 64 ஜிபி மெமரி. அதில் பிராக்ஸ்மாக்ஸ் போட்டு மூன்று வர்ச்சுவல் மெஷின்கள். ஒரே வீட்டில் மூன்று குடித்தனம் மாதிரி. தனித்தனி சமையல், பொதுக் கிணறு. இரண்டு சின்னக் குடித்தனத்துக்குத் தலா 8 ஜிபி. சம்பளக் கணக்கு போடுகிற பெரிய குடித்தனத்துக்கு 24. தினம் ராத்திரி இரண்டு மணிக்கு பேக்கப்.

மாதம் பூரா ஒழுங்காக ஓடும். கடைசித் தேதி ராத்திரி மட்டும் பேக்கப் நடுவே சம்பள மெஷின் செத்துப்போகும். இரண்டு மாதம் தொடர்ந்து ஒன்றாம் தேதி சம்பளம் வரவில்லை என்றால் ஆபீஸ் எப்படி இருக்கும்? கான்ட்ராக்ட் பையன் கையில் மெமோ.

"பேக்கப் மெமரியைத் தின்னுது சார். இன்னொரு 64 ஜிபி வாங்கிப் போட்டுடலாமா?"

"முதல்ல போஸ்ட்மார்ட்டம் பண்ணுப்பா" என்றேன்.

கெர்னல் லாகில் வாக்குமூலம் அப்படியே இருந்தது: மெமரி இல்லை, கேவிஎம் பிராசஸைக் கொன்றேன். பேக்கப் புரோகிராம் உண்மையில் தின்றது கொஞ்சம்தான். ஆனால் அது டிஸ்க் முழுவதையும் ஒரு மூச்சில் படிக்கிறது. படித்ததையெல்லாம் 'நாளைக்கு உதவும்' என்று யாரோ மெமரியில் சேர்த்து வைக்கிறார்கள். பாட்டி பிளாஸ்டிக் கவர் சேர்க்கிற மாதிரி.

சேர்ப்பது லினக்ஸின் பேஜ் கேஷ் என்றால் கவலை வேண்டாம். கேட்டால் கொடுத்துவிடும். 'ஃப்ரீ' கட்டளையில் ஃப்ரீ என்ற கட்டம் காலியாகக் கிடந்தால் பதறாமல், கடைசியில் உள்ள 'அவெய்லபிள்' கட்டத்தைப் பாருங்கள். நிஜக் கையிருப்பு அது.

பையனின் டிஸ்க் இசட்எஃப்எஸ். அதற்கு 'ஆர்க்' என்று சொந்தக் கிடங்கு. இந்தச் சரக்கு 'அவெய்லபிள்' கணக்கில் வராது, 'யூஸ்டு' பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் ஆள் அகப்படவில்லை. 'ஆர்க் சம்மரி' கட்டளை போட்டால் அகப்படுவான். பழைய இன்ஸ்டால்களில் இந்தக் கிடங்கு பாதி மெமரி வரை வளரலாம்: 32 ஜிபி. குடித்தனங்களுக்கு 40. ஆக 72. இருப்பது 64!

மற்ற நாட்களில் சம்பள மெஷின் தன் 24 ஜிபியையும் தொடுவதில்லை, பிழைத்தது. கடைசித் தேதி முழுசாகத் தொட்டது. ஆர்க்கும் கேட்டால் சுருங்கும்தான். ஆனால் சில சமயம் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கிற மாமா எழுந்திருக்கிற வேகத்தில். அதற்குள் கில்லர் வந்து, இருப்பதில் குண்டான சம்பள மெஷினை முடித்துவிட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வைத்தியம் செலவில்லாதது. ஆர்க்குக்கு 8 ஜிபி என்று ரேஷன். அதை பைட்டில் எழுத வேண்டும்: 8589934592. ஓர் இலக்கம் விட்டுப்போனால் கணக்கு தப்பிவிடும், எண்ணி எழுதவும். அடுத்த கடைசித் தேதி சம்பள மெஷின் சாகவில்லை. மெமோவை யாரும் வாபஸ் வாங்கவில்லை, அது வேறு இலாகா.

பிராக்ஸ்மாக்ஸ்காரர்களே 2023-ல் வந்த 8.1 முதல், புதிதாக இன்ஸ்டால் செய்தால் ஆர்க்கை 10 சதவிகிதத்தில், அதிகபட்சம் 16 ஜிபியில் நிறுத்துகிறார்கள். பழசை அப்கிரேட் பண்ணினவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. நீங்களேதான் எழுதிக்கொள்ள வேண்டும். ரூட் டிஸ்க்கும் இசட்எஃப்எஸ் என்றால் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து ரீபூட் பண்ண வேண்டும். அதை மட்டும் தயவுசெய்து முப்பதாம் தேதி சாயங்காலம் செய்யாதீர்கள்.