பாஸான போர்டு

2012 மார்ச்சில் ராஸ்பெரி பை என்ற 35 டாலர் கணினிக்காகப் பல நாட்டு மின்னணு ஆர்வலர்கள் காத்துக் கிடந்தார்கள். சீனத் தொழிற்சாலையில் முதல் 10,000 போர்டு தயாரான நேரத்தில் ஒரு சோதனை ஆளைத் தூக்கிவாரிப்போட்டது. ஈதர்நெட் கேபிள் சொருகும் சாக்கெட்டுக்குள் குட்டிக் காந்தச் சுருள்கள் இருக்க வேண்டும். தொழிற்சாலையோ சுருள் இல்லாத சாக்கெட்டை வைத்துப் பற்றவைத்திருந்தது. அத்தனையையும் கழற்றி மாட்ட வேண்டியதாயிற்று. போர்டு அனுப்புவதும் தள்ளிப்போனது.

ஏழு வருடம் கழித்து, 2019இல் வந்த ராஸ்பெரி பை 4இல் சிக்கல் வேறு மாதிரி. யுஎஸ்பி-சி சாக்கெட்டில் இணைப்பைக் கண்டறியும் இரண்டு பின்களுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் வைக்க வேண்டும். வடிவமைத்தவர்கள் இரண்டையும் ஒரே ரெசிஸ்டரில் சேர்த்துவிட்டார்கள். சாதாரண கேபிளில் வேலை செய்த கணினி, உள்ளே சிப் வைத்த விலை கூடிய கேபிளில் உயிர்பெறவில்லை. தொழிற்சாலை மேல் குற்றமில்லை, வரைந்தபடியேதான் செய்து கொடுத்தது. போர்டைச் சோதிக்கும் எந்திரமும் அந்த வரைபடத்தோடுதான் ஒப்பிடும் என்பதால் எல்லாம் பாஸ். அடுத்த திருத்தத்தில்தான் குறை சரியானது.

கோவில்பட்டி வட்டாரத்துப் பொறியியல் மாணவருக்கும் இன்று இதே பாடு உண்டு. செல்போனில் மோட்டார் போடும் ஸ்டார்ட்டர், மண்ணின் ஈரம் பார்க்கும் கருவி என்று புராஜெக்ட் எதுவானாலும், கிகேட் என்ற இலவச மென்பொருளில் போர்டை வரைந்து ஷென்ஷெனுக்கோ பெங்களூருக்கோ அனுப்பினால் பார்சலில் ஐந்து போர்டு வந்துவிடும். ஃபெரிக் குளோரைடில் கை கறைபட வீட்டிலேயே அரித்தெடுத்த காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

வந்த போர்டுகளைச் சோதித்துத்தான் அனுப்பியிருப்பார்கள். என்ன சோதித்தார்கள் என்பதுதான் விஷயம். ஆயிரக்கணக்கில் அடிக்கும் போர்டுக்கு, எல்லா முனையையும் ஒரே சமயத்தில் தொடுகிற ஆணிப்படுக்கை ஒன்று செய்துகொள்வார்கள். ஐந்து போர்டுக்கு அந்தச் செலவு கட்டாது. அதனால் பறக்கும் ஊசிகள் ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்க்கும். இணைய வேண்டியது இணைந்திருக்கிறதா, ஒட்டக் கூடாதது ஒட்டியிருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்குத்தான் அதில் விடை கிடைக்கும். எத்தனை நாள் தாங்கும் என்பது அதில் வராது.

தாங்காமல் போகும் இடம் பெரும்பாலும் ஓட்டைதான். மேல்பக்கத்துத் தடத்தைக் கீழ்ப்பக்கத்தோடு சேர்க்கும் அந்த ஓட்டையின் உட்சுவரில் செம்பு முலாம் ஏற்றுவார்கள். பொதுப் பயன்பாட்டுக்குச் சராசரி 20 மைக்ரான், விண்வெளி, மருத்துவம் போன்றவற்றுக்கு 25 என்பது மின்னணுத் தொழிலின் ஐபிசி தரவிதி. 10 மைக்ரான் இருந்தாலும் ஊசிச் சோதனையில் தேறிவிடும். ஆனால் போர்டின் அடித்தளமான எஃப்ஆர்-4 பலகை சூட்டில் பக்கவாட்டைவிடத் தடிமனில்தான் அதிகம் உப்பும். செம்பைப்போல மூன்று நான்கு மடங்கு. சாதாரணப் பலகையில் 130, 140 டிகிரியைத் தாண்டினால் இன்னும் மோசம். மழைக்கு உப்பிக் கோடைக்கு வெடிக்கும் கரிசல் மண் வீட்டுச் சுவரில் விரிசல் விடுவதுபோல, சால்டரிங் சூடும் அப்புறம் வருகிற ஒவ்வொரு சூடும் அந்தச் செம்புக் குழாயை இழுத்து இழுத்து அறுக்கும்.

நாகலாபுரம் பக்கத்து வயலில் தகரப் பெட்டிக்குள் சித்திரை வெயிலை வாங்கிக்கொண்டு இருக்கும் ஒரு ஸ்டார்ட்டர் போர்டுக்குத் தினமும் இந்தச் சூட்டுச் சோதனைதான். நண்பகலில் விரிசல் வாய் திறந்து மோட்டார் நிற்கும். சாயங்காலம் ஆறியதும் ஓடும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது கோளாறே இருக்காது.

மல்டிமீட்டரின் ‘பீப்’ சத்தத்தையும் முழுக்க நம்ப முடியாது. சில பத்து ஓம் இருந்தாலும் பல மீட்டர்கள் பீப் அடிக்கும். 35 மைக்ரான் செம்பில் கால் மில்லிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் நீளமுள்ள நல்ல தடத்தின் மின்தடையோ சுமார் 0.1 ஓம்தான். முக்கால்வாசி அறுந்த தடமும் அதே சத்தத்தைக் கொடுக்கும்.

இருந்தாலும் கைக்காசில் செய்யக்கூடியது நிறைய உண்டு. பாகங்களைப் பற்றவைக்கும் முன் ஐந்து போர்டிலும் பவருக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்கலாம். நகை பார்க்கும் லென்ஸில் ஓட்டை, வளையத்துக்கு நடுவே விழுந்திருக்கிறதா, ஓரத்தை உடைத்திருக்கிறதா என்று கவனிக்கலாம். ஒரு போர்டை வெறுமனே வைத்துக்கொண்டால் பின்னால் ஒப்பிட உதவும். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது கரன்ட்டுக்கு வரம்பு கட்டிக் கொடுப்பது நல்லது. ஓட்டைக்குள் இருக்கும் முலாத்தைப் பார்க்க மட்டும் இவை போதா. ஒரு போர்டைப் பலிகொடுத்துக் குறுக்கே அறுத்து, பாலிஷ் போட்டு நுண்ணோக்கியில் அளக்க வேண்டும்.

இந்த வேலைக்கு இனி ஆள் தேவைப்படும். தூத்துக்குடி மாவட்டத்தில் பல அடுக்குப் போர்டு உள்ளிட்டவற்றைத் தயாரிக்க 4,995 கோடி ரூபாய் முதலீடு செய்வதாக 2025 ஆகஸ்டில் கெய்ன்ஸ் என்ற மின்னணு நிறுவனம் தமிழக அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. போர்டு வரையக் கற்றுக்கொடுக்கும் கல்லூரிகள் அதை அறுத்துப் பார்க்கவும் கற்றுக்கொடுக்கட்டும். நுண்ணோக்கியும் பாலிஷ் எந்திரமும் வாங்கத் தொழிற்சாலை திறக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை.