விரல் மையும் வெள்ளி உப்பும்

ஓட்டுச் சாவடியில் இடது கை ஆள்காட்டி விரலில் இடும் மையைச் சோப்பு, சீயக்காய், எலுமிச்சம்பழம் என்று வீட்டிலுள்ள யாவற்றாலும் தேய்த்துப் பார்த்துத் தோற்றவர்கள் நேயர்களில் பலர் இருக்கக்கூடும். அந்த மையின் பிடிவாதத்துக்குக் காரணம் ஸில்வர் நைட்ரேட் என்னும் வெள்ளி உப்பு.

இதைத் தயாரிக்கும் முறை எளிது. ஆயினும் வீட்டில் செய்யத் தக்கதன்று. நீர் கலந்த நைட்ரிக் திராவகத்தில் வெள்ளியை இட்டுச் சூடாக்கினால் நுரைத்துக் கரையும். அப்போது எழும் பழுப்புப் புகை நுரையீரலுக்கு நஞ்சு. கரைசலை வற்றவைத்து ஆறவிட்டால் நிறமற்ற பளிங்குகள் படியும். 108 கிராம் வெள்ளி முழுவதும் மாறினால் 170 கிராம் உப்பாகும். கரைசல் நீலம் பாரித்தால் வெள்ளியில் செம்பு கலந்திருக்கிறதென்று பொருள். பழைய கொலுசுகளை இப்படிச் சோதிக்கத் தொடங்கினால் பல வீடுகளில் மனஸ்தாபந்தான் மிஞ்சும்!

விரலில் நடப்பது யாதெனில், நம் வியர்வையிலுள்ள உப்போடு வெள்ளி சேர்ந்து, நீரில் கரையாத வெள்ளி குளோரைடு ஆகிறது. வெளிச்சம் பட்டதும் அது சிதைந்து, நுண்ணிய வெள்ளித் துகளாகக் கறுத்துத் தோலிலேயே தங்கிவிடுகிறது. பின் தேய்த்தென்ன பயன்? மேல் தோல் உதிர்ந்து புதுத் தோல் வரவேண்டும். நகமோ வளர்ந்து வெட்டுண்ண வேண்டும். வெளிச்சத்தில் கறுக்கும் இக்குணத்தை 1717-இல் ஜெர்மனியில் ஷூல்ட்ஸே என்பவர் ஆராய்ந்தறிந்தார். பின்னாளில் புகைப்படக் கலை வளர்ந்ததும் இதைக்கொண்டுதான்.

நம் நாட்டில் 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் இம்மையை அளித்து வருவது, 1937-இல் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மைசூரில் நிறுவிய தொழிற்சாலை. ஒருவரே இருமுறை ஓட்டளித்தால் நேர்மையாக ஒருமுறை அளித்தவரின் ஓட்டு மதிப்பிழந்து போகிறதன்றோ? கோடிக்கணக்கான மக்கள் கூடும் காரியத்தில் அதைத் தடுக்க இத்தனை மலிவான காவல் வேறு உண்டா என்பது ஐயமே. 2006 முதல் வெறும் புள்ளியாக வைக்காமல், நக நுனியிலிருந்து முதற்கணு வரை கோடாகவே இழுக்கிறார்கள்.

இவ்வுப்புச் செய்த பேருபகாரம் வேறொன்றும் உண்டு. முன்னாளில், தாயின் மேகநோய் பிரசவத்தின்போது தொற்றிப் பல சிசுக்கள் கண்ணிழந்தன. 1880-இல் லைப்ஸிக் நகர டாக்டர் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் 2 சதவிகிதக் கரைசலைத் துளியளவு விடத் தொடங்கினார். நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளைப் பீடித்த நோய் ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. அத்துளி கண்ணை உறுத்துவதால், பல நாடுகளில் அதன் இடத்தைப் புதிய களிம்புகள் பிடித்துக்கொண்டன.

அளவு மிஞ்சினால் இதே உப்பு கண்ணைப் புண்ணாக்கிவிடும். ஆதலால் விரல் மை உலருமுன் கண்ணைக் கசக்கலாகாது. தவறிப் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி டாக்டரிடம் செல்லவேண்டும்.