எல்.சி.டி. இருக்கிறது, மடிக்கணினி எதற்கு?

படிவம் 6-இல் எங்கள் குழுவில் நான்கு பேர். மடிக்கணினி ஒருவரிடம் மட்டும்தான் இருந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு பற்றி வகுப்பில் படைக்க வேண்டும். பாட்டியிடம் பேசிக் குறிப்பெடுத்தது, பழைய பள்ளி மலர்களைத் தேடிப் பிடித்தது, எல்லாவற்றையும் தாளில் வரிசைப்படுத்தி எழுதியது என முக்கால்வாசி வேலை என் தோழியுடையது. படைப்பு நாளன்று மடிக்கணினியின் சொந்தக்காரர் அதன் பக்கத்தில் நின்றார். முன்னுரை அவர், முடிவுரை அவர், கேள்விகளுக்குப் பதிலும் அவரே. எந்த ஸ்லைடு எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பதையும் அவர் விரல்தான் முடிவு செய்தது. என் தோழிக்கு நடுவில் ஒரே ஒரு ஸ்லைடு கிடைத்தது. அதையும் அவள் பாதி பேசும்போதே அவர் மாற்றிவிட்டார்.

அவர் கெட்டவர் அல்லர். இன்றும் எங்களுக்கு நல்ல நண்பர். ஆனால், கருவி யார் கையில் இருக்கிறதோ அவர் கைக்கே மேடையும் போய்விடுகிறது. இது எங்கள் வகுப்பில் மட்டும் நடந்த கதையன்று. உங்கள் வகுப்பில் கடைசியாக நடந்த நான்கு குழுப் படைப்புகளை நினைத்துப் பாருங்கள். யார் அதிகம் பேசினார்? மடிக்கணினி யாருடையது?

இதைப் பற்றி எழுத ஒரு காரணம் இருக்கிறது. இன்று வகுப்பறைகளிலும் விரிவுரைக் கூடங்களிலும் கூரையில் தொங்கும் பல எல்.சி.டி. புரொஜெக்டர்களுக்கு மடிக்கணினியே தேவையில்லை. பென்டிரைவில் இருக்கும் படங்களை அவை தாமாகவே திறந்து காட்டும். வைஃபை உள்ளவை கைப்பேசியிலிருந்தே கோப்பை வாங்கிக்கொள்ளும். வசதி தலைக்கு மேலேயே இருக்கிறது. நாம்தான் ஆளுக்கொரு மடிக்கணினியைத் தேடி ஓடிக்கொண்டிருக்கிறோம்.

எல்.சி.டி. என்றாலே மடிக்கணினி என்ற எண்ணம் எப்படி வந்தது? எனக்குத் தோன்றுவது இதுதான். 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் பிபிஎஸ்எம்ஐ திட்டம் தொடங்கியபோது, ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் பள்ளிகளுக்கு எல்.சி.டி. புரொஜெக்டரும் வழங்கினார்கள். திட்டம் போய்விட்டது, ஜோடியாக வந்த இரண்டும் நம் மனத்தில் ஜோடியாகவே தங்கிவிட்டன. அதற்கு முந்திய காலத்தை அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஓ.எச்.பி. என்று ஒரு பெட்டி இருந்தது. கண்ணாடி போன்ற தாளில் மார்க்கர் பேனாவால் எழுதி அதன் மேல் வைத்தால் சுவரில் தெரியும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் வைக்கலாம். இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரியாது. 1987-இல் மெக்கின்டோஷ் கணினிக்காக வெளிவந்த முதல் பவர்பாயிண்ட், அந்தத் தாள்களை அச்சடித்துக் கொடுக்கத்தான் உருவானது. கணினி அலுவலகத்திலேயே இருக்கும். பேசுகிறவர் தாள்களோடு மட்டும் போவார். கணினியிலிருந்து நேராகத் திரையில் ஸ்லைடு காட்டும் வசதி 1992-இல் மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது.

நம் நாட்டு மாணவர்களிடம் என்ன கருவி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020-இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நேரத்தில் கல்வியமைச்சு பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஏறக்குறைய 9 லட்சம் மாணவர்கள் பற்றிய விவரம் கிடைத்தது. எந்த மின்னியல் சாதனமும் இல்லாதவர்கள் 36.9 விழுக்காடு. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காடு. கைப்பேசி வைத்திருந்தவர்கள் 46 விழுக்காடு. அதன் பிறகு உதவித் திட்டங்கள் வந்தன, நிலைமை மாறியிருக்கும். ஆனாலும், மடிக்கணினி இருப்பவர் சிலர், கைப்பேசி இருப்பவர் பலர் என்பது இன்றும் நம் வீடுகளில் பார்க்கும் உண்மைதான்.

சரி, எப்படிச் செய்வது? பள்ளி மாணவர்களுக்குப் பென்டிரைவ்தான் ஏற்றது. பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர முடியாது என்பதால் வேறு வழியும் இல்லை. வீட்டிலோ நூலகத்திலோ நண்பரின் கணினியிலோ ஸ்லைடுகளைச் செய்து, அவற்றை ஜேபெக் படங்களாகச் சேமிக்க வேண்டும். பவர்பாயிண்டில் சேமிக்கும்போது கோப்பு வகையை ஜேபெக் என்று மாற்றி, எல்லா ஸ்லைடுகளும் என்று தேர்ந்தெடுத்தால் போதும். அந்தப் படங்களைப் பென்டிரைவில் ஒரு தனி அடைவில் போட்டு எல்.சி.டி.யின் பின்பக்கம் செருகிவிட்டு, ரிமோட்டில் உள்ளீட்டை யுஎஸ்பி என்று மாற்றினால் படங்கள் வரிசையாகத் தெரியும். அம்புக்குறி விசைதான் 'அடுத்தது'.

கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல்கள் சின்னச் சின்ன இடங்களில் இருக்கின்றன. நாங்கள் பட்டதைச் சொல்கிறேன், நீங்கள் பட வேண்டாம்.

முதலில் பெயர். பவர்பாயிண்ட் படங்களுக்கு ஸ்லைடு 1, ஸ்லைடு 2 என்றுதான் பெயரிடும். பல எல்.சி.டி.கள் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து வரிசைப்படுத்துவதால், 1-க்குப் பிறகு 10 வரும், 11 வரும், அப்புறம்தான் 2. எங்கள் படைப்பில் முன்னுரை முடிந்ததும் 'நன்றி' என்று திரை சொன்னது. வகுப்பே கைதட்டியது. 01, 02 என்று பெயரை மாற்றிவிட்டால் இந்த வேடிக்கை நடக்காது. அடுத்து, பென்டிரைவின் வடிவமைப்பு. பல எல்.சி.டி.கள் ஃபேட்32 முறையில் வடிவமைத்ததைத்தான் படிக்கும். அதிகக் கொள்ளளவு உள்ள புதிய பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வருவதால், செருகினாலும் ஒன்றும் தெரியாது. வீட்டில் கிடக்கும் பழைய 8 ஜிகாபைட் பென்டிரைவ் இதற்குப் போதும். பிறகு அந்தத் துளை. சதுரமாக இருக்கும் யுஎஸ்பி துளை கணினியோடு இணைப்பதற்கானது. பென்டிரைவ் போவது தட்டையான துளையில். சில எல்.சி.டி.களில் தட்டைத் துளை இருந்தும் மின்சாரம் மட்டும்தான் வரும், படம் திறக்காது. ஆகவே முதல் நாளே போய்ச் செருகிப் பாருங்கள். ரிமோட்? அது வகுப்பறையில் இருக்கவே இருக்காது. எந்தப் பள்ளியானாலும் அலுவலகத்தில் யாருடைய மேசை இழுப்பறையிலோ பத்திரமாக இருக்கும். அதை வாங்கிவைப்பதும் முதல் நாள் வேலைதான்.

உயர்கல்விக்கூடங்களில் கைப்பேசி வழி இன்னும் வசதி. ஆனால் 'என் போன் எல்.சி.டி.யைக் கண்டுபிடிக்கவே மாட்டேங்குது' என்ற புலம்பலை வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். காரணம் பெரும்பாலும் கைப்பேசியில் இல்லை. வளாக வைஃபையில் பாதுகாப்புக்காக ஒரு சாதனம் இன்னொரு சாதனத்தைப் பார்க்க முடியாதபடி தடுத்து வைத்திருப்பார்கள். அல்லது எல்.சி.டி. ஊழியர்களின் பிணையத்திலும் உங்கள் கைப்பேசி மாணவர்களின் பிணையத்திலும் இருக்கும். ஒரே அறையில் இருந்தாலும் இரண்டுக்கும் நடுவில் சுவர். இதற்கு நல்ல மாற்று, எல்.சி.டி.யே வெளியிடும் சொந்த வைஃபையில் கைப்பேசியை நேராக இணைப்பது. அப்படி இணைக்கும்போது இணையம் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். கூகல் டிரைவில் இருக்கிறது என்று நம்பிப் போனால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். கோப்பை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசி 'இங்கே இணையம் இல்லையே' என்று தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், அதையும் அணைத்துவிடுங்கள். ஐபோன் ஏர்பிளே முறையில் பேசும், மிராகாஸ்ட் தெரியாது. அதனால் குழுவில் ஒருவருக்கு வேலை செய்தது இன்னொருவருக்கு வேலை செய்யாமல் போகலாம்.

கைப்பேசித் திரையை முழுதாகக் காட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பொருளாதாரப் படைப்பின் நடுவில் 'வரும்போது அரைக் கிலோ வெங்காயம் வாங்கிட்டு வா' என்று ஒருவருடைய அம்மாவின் வாட்ஸ்அப் செய்தி பத்தடி அகலத்தில் தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். எப்சனின் ஐபுரொஜெக்‌ஷன் போன்ற செயலிகளில் பிடிஎஃப் கோப்பை மட்டும் திரைக்கு அனுப்பலாம். எல்.சி.டி. திரையில் காட்டும் நான்கு இலக்க எண்ணைத் தட்டினால்தான் இணைய முடியும் என்றும் வைத்திருப்பார்கள். அது தொல்லை இல்லை. பக்கத்து அறையில் இருப்பவர் உங்கள் திரையைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த எண்.

தமிழில் படைப்பவர்களுக்கு இதில் தனி லாபம் ஒன்று உண்டு. மேக் கணினியில் இணைமதி எழுத்துருவில் அழகாகச் செய்த ஸ்லைடை விண்டோஸ் கணினியில் திறந்தால், அங்கே இணைமதி இருக்காது. லதாவோ நிர்மலாவோ வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுத்தின் அகலம் மாறுவதால் கடைசி வரி கட்டத்துக்கு வெளியே தொங்கும். பழைய யூனிகோட் அல்லாத எழுத்துரு என்றால் கேட்கவே வேண்டாம், திரை முழுதும் புரியாத குறிகள். தமிழ்மொழிக் கழக நிகழ்ச்சிகளில் இதற்காக மன்னிப்புக் கேட்டே முதல் ஐந்து நிமிடம் போய்விடும். ஸ்லைடைப் படமாக்கிவிட்டால் எழுத்து எங்கேயும் ஓட முடியாது. நீங்கள் வீட்டில் பார்த்ததுதான் திரையில் வரும்.

இழப்பே இல்லையா என்றால், இருக்கிறது. படமாக்கிய ஸ்லைடில் அசைவூட்டம் இல்லை, சுழன்று வரும் எழுத்து இல்லை, இணைப்பைத் தட்டினால் திறக்காது. பேசுபவருக்கு மட்டும் தெரியும் குறிப்புப் பக்கமும் கிடையாது. காணொளி காட்ட வேண்டிய அறிவியல் சோதனைப் படைப்பு, நேரலைக் கணக்கீடு, நிரல் எழுதிக் காட்டுவது போன்றவற்றுக்குக் கணினி வேண்டும். அதை மறுக்கவில்லை. ஆனால் நம் வகுப்புகளில் நடக்கும் படைப்புகளில் பெரும்பாலானவை என்ன? பத்துப் பன்னிரண்டு ஸ்லைடு, கொஞ்சம் எழுத்து, இரண்டு மூன்று படம். இதற்கு அசைவூட்டம் இல்லாமல் போனால் யாரும் அழப் போவதில்லை. குறிப்புப் பக்கம் இல்லாததால் பேசுபவர் விஷயத்தைத் தெரிந்துகொண்டு வருவார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

என் கோபமெல்லாம் மதிப்பெண் விஷயத்தில்தான். 'ஒவ்வொரு குழுவும் சொந்த மடிக்கணினி கொண்டுவர வேண்டும்' என்று அறிவிப்பில் போடுவது சில விரிவுரையாளர்களுக்குச் சாதாரணமாக இருக்கிறது. இல்லாதவர் கையை உயர்த்திச் சொல்லமாட்டார். கடன் வாங்குவார், அல்லது இருப்பவர் உள்ள குழுவில் போய் ஒட்டிக்கொள்வார். ஒட்டிக்கொண்டவர் எந்த ஸ்லைடு தனக்கு வேண்டும் என்று கேட்கமாட்டார். பிறகு 'தன்னம்பிக்கையோடு பேசினார்' என்ற கட்டத்தில் அவருக்கு 2 புள்ளி, சொந்தக்காரருக்கு 5. அந்த அறிவிப்பில் 'பென்டிரைவ் அல்லது கைப்பேசியிலிருந்தும் படைக்கலாம்' என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு செலவாகும்? எல்.சி.டி.யின் சொந்த வைஃபையைத் திறந்துவிட தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்குப் பத்து நிமிடம் ஆகுமா? இதை மாணவர் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும் என்பது என் அனுபவம். யாரும் வேண்டுமென்று மூடி வைக்கவில்லை. யாரும் கேட்காததால் மூடியே இருக்கிறது.

என் தோழியின் கதையை முடிக்கவில்லை. இரண்டாம் தவணையில் அந்த மடிக்கணினி பழுதுபார்க்கப் போய்விட்டது. எங்கள் ஆசிரியர் ஒருவர்தான், 'பென்டிரைவ்ல போட்டுக் கொண்டா, அதுவே காட்டும்' என்றார். கணினி இல்லாததால் பக்கத்தில் நிற்க எதுவும் இல்லை. ரிமோட்டை யார் பிடிப்பது என்று ஒருவரையொருவர் பார்த்தோம். விஷயம் முழுதும் தெரிந்தவள் அவள்தான் என்பதால் அவள் கையில் கொடுத்தோம். இருபது நிமிடம் பேசினாள். நடுவில் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு, நான்கு ஸ்லைடு பின்னால் போய்ப் படத்தைக் காட்டிப் பதில் சொன்னாள். அவளுக்கு இவ்வளவு பேச வரும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

இப்போது நான் படிக்கும் இடத்தில், பயிற்சி வகுப்பு அறையின் சுவரில் நாங்கள் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறோம். எல்.சி.டி.யின் வைஃபை பெயர் என்ன, எந்தத் துளையில் பென்டிரைவ் செருக வேண்டும், ரிமோட் யாரிடம் இருக்கிறது என்று தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுதியது. போன வாரம் பார்த்தேன். யாரோ பேனாவால் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: 'ரிமோட் பேட்டரி வீக். வரும்போது இரண்டு கொண்டு வரவும்.'