ஒரு மணி நேரமாவது விழித்திருப்போம்



பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையை அதிகாலையில் எழுப்பும்போது, நம் வீடுகளில் பலவேளைகளில் 'வேக் அப்' என்னும் ஆங்கிலச் சொற்களும் ஒலிப்பதுண்டு. உறக்கம் கலைந்து எழு என்பதே அதற்கு நாம் கொள்ளும் பொருள். ஆயினும் அச்சிறு சொல்லின் வரலாற்றைச் சற்றே ஆராய்ந்தால், நமது விசுவாச வாழ்வுக்கு வேண்டிய ஓர் உண்மை அதில் பொதிந்திருப்பதைக் காணலாம்.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. 'வாக்கன்' என்பது எழுதல், தோன்றுதல், பிறத்தல் எனப் பொருள்பட்டது. 'வாக்கியன்' என்பது உறங்காமல் இருத்தல், காவல் காத்தல் எனப் பொருள்பட்டது. காலப்போக்கில் இவ்விரண்டும் கலந்து 'வேக்' என்னும் ஒரே சொல்லாயின. காவலையும் கைக்கடிகாரத்தையும் குறிக்கும் 'வாட்ச்' என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னிரவில் நாம் கொண்டாடும் திருவிழிப்பை இலத்தீனில் குறிக்கும் 'விஜிலியா' என்னும் சொல்லும் இதற்குத் தூரத்து உறவாகும்.

நற்செய்திகள் எழுதப்பெற்ற கிரேக்க மொழியிலும் இத்தகைய உறவைக் காண்கிறோம். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று கூறப் பயன்படும் 'எகெய்ரோ' என்னும் வினை, உறங்குபவரை எழுப்புவதற்கும் வழங்கும் சாதாரணச் சொல்லாகும். அதிலிருந்து பிறந்ததே விழித்திருத்தலைக் குறிக்கும் 'கிரெகொரேயோ'. கிரகோரியார் என்ற பெயரும் இதன் வழியே வந்தது; விழித்திருப்பவர் என்பது அதன் பொருள். 596ஆம் ஆண்டில் ஆங்கிலேயரிடம் நற்செய்திப் பணியாளரை அனுப்பிவைத்த திருத்தந்தை பெரிய கிரகோரியார் தாங்கிய பெயரும் இதுவே.

மாற்கு நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் கெத்சமனித் தோட்டக் காட்சியை வாசித்துப் பாருங்கள். துயரத்தில் ஆழ்ந்த ஆண்டவர், தம் சீடர் மூவரிடம் விழித்திருக்குமாறு கேட்கிறார். ஒரு மணி நேரங்கூட அவர்களால் இயலவில்லை. இறுதியில், எழுந்து புறப்படுமாறு அவர்களை அழைக்கிறார். முதலில் விழித்திருக்க அழைப்பு. பின்னர் எழுந்து செல்ல அழைப்பு. கிரேக்கத்தில் இவ்விரு அழைப்புகளும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்களால் அமைந்துள்ளன. அவ்விரவில் சீடர்களால் ஆண்டவரின் துன்பத்தை நீக்கியிருக்க முடியாது. அதை அவர் கேட்கவும் இல்லை. தம்மோடு இருக்கவே கேட்டார்.

இறந்தவரின் உடலருகே உற்றாரும் அயலாரும் இரவு முழுவதும் கண்விழித்து இருப்பதையும் ஆங்கிலத்தில் 'வேக்' என்றே அழைப்பர். அயர்லாந்துக் கத்தோலிக்கரிடையே இவ்வழக்கம் பெயர்பெற்றது. இங்கிலாந்தில் பங்கு ஆலயத் திருநாளின் முன்னிரவுச் செபவிழிப்புக்கும் அதே பெயர் வழங்கிற்று. நாளடைவில் அங்கே செபம் குறைந்து, சந்தையும் கேளிக்கையும் மிகுந்தன. 19ஆம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலை நகரங்களில் அது தொழிலாளரின் விடுமுறை வாரத்தின் பெயராகிவிட்டது. பெயர் நிலைத்தது, விழிப்பு மறைந்தது.

அன்பர்களே, இது நமக்கும் ஓர் எச்சரிக்கை அன்றோ? நம் ஆலயத் திருவிழாவின் வேஸ்பர் இரவில் மின்விளக்குகள் எரிகின்றன, ஒலிபெருக்கி முழங்குகிறது. நற்கருணை முன்னே எத்தனை பேர் அமைதியாக அமர்கிறோம்? நள்ளிரவு தாண்டியும் கைத்தொலைபேசியின் ஒளியில் நாம் கண்விழித்திருக்கிறோம். அடுத்த அறையில் உறக்கமின்றி இருமும் முதிய தாயின் அருகே பத்து நிமிடம் இருக்க நேரமில்லை என்கிறோம். மரண வீட்டில் முகம் காட்டிவிட்டு விரைகிறோம். எல்லாரும் சென்றபின் தனித்திருக்கும் விதவையின் இரவை நினைப்பதில்லை. கண் திறந்திருப்பது மட்டும் விழிப்பாகாது. பிறருடைய துயரத்துக்காக நம் உறக்கத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பதே ஆண்டவர் கேட்ட விழிப்பு என்பது என் எண்ணம்.

காய்ச்சலில் வாடும் குழந்தையின் தலைமாட்டில் விடியும்வரை அமர்ந்திருக்கும் தாய் இதனை அறிவாள். அவளிடமிருந்து நாம் கற்றுக்கொள்வோம். இந்த வாரம் நம் குடும்பத்திலோ அயலிலோ நோயுற்ற ஒருவரைத் தேடிச் சென்று, ஒரு மணி நேரம் அவருடன் இருப்போம். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோம். மற்றவருக்காக விழித்திருக்கக் கற்றவர்களாய், நம்மை எழுப்ப வரும் ஆண்டவரின் குரலுக்கும் செவிசாய்ப்போம்.