நூற்றுக்கு 41

காலை ஷிப்டுக்கு மாத்தூரிலிருந்து மணலி செல்லும் தோழர்கள், 2016 தேர்தலைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் டீக்கடையில் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள்தானே அதிகம்? பிறகு எப்படி ஆளுங்கட்சியே மீண்டும் வந்தது?"

பணம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு எழுந்து போகிறோம். பணம் பாய்ந்தது உண்மை. அரவக்குறிச்சியிலும் தஞ்சையிலும் அதன் காரணமாகத் தேர்தலே நிறுத்தப்பட்டதை நாடறியும். ஆனால் அன்று எதிர்வரிசையில் நின்ற நாம், நம் கணக்கைப் பார்த்தோமா?

அ.இ.அ.தி.மு.க. பெற்றது நூற்றுக்கு ஏறத்தாழ 41 ஓட்டு. தி.மு.க.–காங்கிரஸ் அணி அதற்கு ஒரு சதவீதமே பின்தங்கியது. விஜயகாந்தை முன்னிறுத்திய மக்கள் நலக் கூட்டணி ஒரு பக்கம், பா.ம.க. ஒரு பக்கம், பா.ஜ.க. ஒரு பக்கம். தேர்தல் நடந்த 232 இடங்களில் ஆளவந்தார் 134ஐ அள்ளினர். மக்கள் நலக் கூட்டணிக்கு ஒன்றுகூடக் கிட்டவில்லை. காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில்! அவ்வளவு தூரம் போவானேன்? நமக்குத் தெற்கே, உழைப்பாளிகள் நிறைந்த பெரம்பூரில் ஆளுங்கட்சி வென்றது வெறும் 519 ஓட்டு வித்தியாசத்தில். ஒரு பெரிய ஆலையின் ஒரு ஷிப்டுக்குப் போதாத ஆட்கள்!

இனி 1967ஐ எண்ணிப் பாருங்கள். அன்று காங்கிரஸ் பெற்றதும் நூற்றுக்கு 41தான். கிடைத்த இடங்களோ 234ல் 51. அதற்கு முன், 1962ல் 46 சதவீதத்துக்கு 206ல் 139 இடங்கள் கிடைத்திருந்தன. ஐந்து சதவீதம் சரிந்ததும் கோட்டையே போயிற்று. ஏன்? ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்டுகளும் (ஏழாம் பொருத்தம்தான்!) முஸ்லிம் லீகும் சோஷலிஸ்டுகளும் தி.மு.க.வோடு தொகுதிகளைப் பங்கிட்டு நின்றனர். காங்கிரசைவிடச் சற்றுக் குறைந்த ஓட்டே பெற்ற தி.மு.க. 137 இடங்களைப் பிடித்தது.

"அப்படியானால் எல்லாரும் சேர்ந்தால் போதும்" என்று துள்ள வேண்டாம். 1971ல் காமராஜரும் ராஜாஜியும் சேர்ந்தே நின்றார்கள். ஆளுங்கட்சியான தி.மு.க.வுக்கு 184 இடங்கள் கிடைத்தன. 1967ல் சேர்ந்தவர்களுக்குப் பின்னால் அரிசிப் பஞ்சத்தின் கோபமும் 1965 மொழிப் போரின் நெருப்பும் இருந்தன. 1971ல் சேர்ந்தவர்களுக்குப் பின்னால் அப்படி என்ன இருந்தது?

2016க்கு வருவோம். ரேஷன் கடையில் விலையில்லா அரிசி. அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி. வீட்டில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. "இலவசம்" என்று நாம் மேடையில் ஏளனம் செய்தோம். காண்ட்ராக்ட் கூலி ஏழு நாள் தாமதமானால் அடுப்பெரிக்கத் தவிக்கும் குடும்பத்தில் அந்த ஏளனம் எப்படி எடுபடும்? ஆளுங்கட்சி அடுக்களை வரை வந்திருந்தது. நாமோ மார்ச் 23ஆம் தேதிதான் விஜயகாந்த் யார் பக்கம் என்றே அறிந்தோம். ஓட்டுப்பதிவு மே 16. இடைப்பட்ட நாளெல்லாம் தொகுதிப் பேரத்திலும், எதிரே நிற்கும் ஆளுங்கட்சியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரை ஏசுவதிலும் கழிந்தன.

ஆலை வாசலில் இதை நாம் காணாததா? ஒரே கேட்டில் நாலு கொடி, நாலு மகஜர். நிர்வாகம் எந்தச் சங்கத்தோடு கையெழுத்திடும்? எது குறைவாகக் கேட்கிறதோ அதோடு. காண்ட்ராக்ட் தொழிலாளி நாலு கொடிக்கும் சந்தா கட்டிவிட்டு வெளியே நிற்கிறான்.

தலைவர்கள் அடுத்த முறை தொகுதிப் பங்கீட்டுக்கு உட்காரும் முன், மணலி, எண்ணூர், திருவொற்றியூர்க் கிளைகள் ஒரு தாளை அவர்கள் கையில் கொடுக்கட்டும். காண்ட்ராக்ட் தொழிலாளியை நிரந்தரமாக்குவது, சம வேலைக்குச் சம கூலி, கூலி தரும் தேதி ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். அதற்குக் கையெழுத்திட்ட பிறகு எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று பேசட்டும்.