மெகாபிக்சல் திருடனைப் பிடிக்குமா?

"எட்டு மெகாபிக்சல் சார். தெருமுனையில போற வண்டி நம்பர்கூடத் தெரியும்." கேமரா கடைகளில் அலுக்காமல் ஓதப்படும் மந்திரம் இது. எங்கள் குடியிருப்புச் சங்கமும் அதை நம்பித்தான் வாங்கியது. பைக் ஒன்று காணாமல் போன இரவின் பதிவை ஓடவிட்டுப் பார்த்தால், வந்தவன் தலையில் இருப்பது ஹெல்மெட்டா முடியா என்றே சொல்ல முடியவில்லை.

புள்ளி கூடினால் முகம் தெரியும் என்பது முதல் வாதம். பகல் வெளிச்சத்தில், ஒரே லென்ஸில் அது உண்மைதான். ஆனால் எண்ண வேண்டியது மொத்தப் புள்ளிகளை அல்ல; ஆள் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்பதை. முன்பின் தெரியாதவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல், ஏற்கெனவே பார்த்தவரை இன்னார் என்று சொல்ல 125 என்றது ஐ.இ.சி. 62676-4 தரநிலையின் 2014 பதிப்பு. நூறு பாகை விரியும் லென்ஸ் 10 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 24 மீட்டர் அகலத்தைக் காட்டும். எட்டு மெகாபிக்சல், அதாவது 4கே படத்தின் 3840 பிக்சலை அதில் பரப்பினால் மீட்டருக்கு 160தான். அதே இடத்தில் 30 பாகை லென்ஸ் போட்ட 2 மெகாபிக்சல் கேமரா 350ஐத் தாண்டிவிடும்! கடைக்காரரை மட்டும் குறை சொல்வானேன்? "இடம் முழுக்கத் தெரியணும்" என்று அகல லென்ஸைக் கேட்டு வாங்குவது நாம்தான்.

இரவிலும் பளிச்சென்று தெரியும் என்பது அடுத்தது. எவ்வளவு குறைந்த வெளிச்சம் போதும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்ட லக்ஸ் எண்ணை நான் நம்புவதில்லை. ஷட்டரை மெதுவாக்கி, சென்சார் சிக்னலைப் பெருக்கும் கெயினை ஏற்றினால் இருட்டும் வெளிச்சமாகும். நிற்கிற வேப்பமரம் இலை இலையாகத் தெரியும், நடக்கிற ஆள் கரைந்துபோவார். ஷட்டர் 1/25 நொடி திறந்திருந்தால், மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் பைக் அதற்குள் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எண் பலகை வெறும் கோடு. அங்கே எட்டு மெகாபிக்சல் என்ன, எண்பது என்ன? போதாக்குறைக்கு, சென்சார் அளவு மாறாமல் பிக்சலை நான்கு மடங்காக்கினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி கால்பங்காகிறது.

"லைவ்ல தெளிவா இருக்கே" என்பார்கள். திருடனைத் தேடுவது லைவில் அல்ல, பதிவில். நொடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு கேமராவுக்கே நாளொன்றுக்கு 43 ஜிபி ஆகும். ஹார்ட்டிஸ்க் நிரம்பாமலிருக்க டெக்னீஷியன் பிட்ரேட்டைக் குறைத்துவிட்டுப் போவார். அசைவு வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடையும்.

சாஃப்ட்வேரை யாரும் சோதிப்பதே இல்லை. ஆப் திறந்தால் போதும் என்று நினைக்கிறோம். பல ஆப்களில் முதலில் வருவது தரம் குறைத்த துணைப்படம். அதைப் பார்த்துக் கேமராவுக்கு மதிப்பெண் போடுவது வீண். பாஸ்வேர்டு விஷயம் அதைவிட மோசம். 2016-ல் மிராய் என்ற நிரல், ஆலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பெருங்கூட்டமாகக் கைப்பற்றியது. அந்த அக்டோபரில் அவற்றைக் கொண்டு, இணையதள முகவரிகளுக்கு வழிகாட்டும் டைன் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் அமெரிக்காவில் பெரிய இணையதளங்களே முடங்கின. அந்தக் கேமராக்களில் படம் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

பைக் போன பிறகு நாங்கள் செய்த சோதனை எளிது. இரவு பதினொரு மணிக்குக் காவலாளி அண்ணனை வாசலிலிருந்து நடந்துவரச் சொன்னோம், பிறகு வண்டியில். இரண்டையும் பென்டிரைவில் இறக்கி, வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டினோம். முகம் தெரியவில்லை, பதிவிலிருந்த நேரமோ 17 நிமிடம் பிந்தியிருந்தது. கடிகாரத்தைத் திருத்தி, பாஸ்வேர்டை மாற்றி, வாசலுக்குக் குறுகிய லென்ஸில் 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று வைத்து, ஷட்டரை 1/100க்கு ஏற்றி, ஒரு விளக்கும் போட்டோம். மறுநாள் இரவு அண்ணனின் மீசைகூடத் தெரிந்தது. எட்டு மெகாபிக்சல் கேமரா இப்போது வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.