ஏரிக்கும் மெயின்டனன்ஸ் உண்டு

போன செமஸ்டர் எங்க ஹாஸ்டல்ல மூட்டைப்பூச்சி. நாங்க மருந்து அடிச்சோம், பூச்சி பக்கத்து ரூமுக்குப் போச்சு. அவங்க அடிச்சாங்க, திரும்ப எங்ககிட்டயே வந்துடுச்சு. கடைசியில ரெண்டு ரூமும் காசு போட்டு ஒரே நாள்ல அடிச்சோம். அப்பதான் தூங்க முடிஞ்சது.

எலெக்டிவ் பேப்பருக்காக நீர்வளம் பத்திப் படிச்சப்போ, கிட்டத்தட்ட இதே வேலையை அமெரிக்காவும் கனடாவும் பல பத்தாண்டுகளா செஞ்சுக்கிட்டு இருக்கறதைப் பார்த்தேன். இடம், வட அமெரிக்கப் பேரேரிகள். மொத்தம் அஞ்சு ஏரி. மிச்சிகன் முழுசா அமெரிக்காவுக்குள்ள இருக்கு. மத்த நாலுக்கும் நடுவுல எல்லைக்கோடு ஓடுது.

அங்கே வில்லன் கடல் லாம்ப்ரே. பார்க்க விலாங்கு மாதிரி இருக்கும். தாடை கிடையாது, வட்டமான வாய் முழுக்கப் பல். பெரிய மீனோட உடம்புல ஒட்டிக்கிட்டு ரத்தத்தை உறிஞ்சும். ஒரு லாம்ப்ரே சுமார் 18 கிலோ மீன் வரைக்கும் கொல்லும். அட்லாண்டிக் பக்கத்திலிருந்து அது மேல் ஏரிகளுக்கு ஏறாமல் நயாகரா அருவி தடுத்து வைத்திருந்தது. கப்பல் போக அருவியைச் சுத்தி வெட்டின வெல்லண்ட் கால்வாய் அதுக்கும் வழி விட்டுடுச்சு. 1921-ல் ஈரி ஏரியில் தென்பட்டது. 1930-கள் முடிவதற்குள் மேல் ஏரிகள் எல்லாவற்றிலும் பரவிவிட்டது. நம்ம இன்ஜினியர்கள் செஞ்ச வேலைதான், ஒத்துக்கணும்.

அந்த மேல் ஏரிகளில் வருஷத்துக்குச் சுமார் 1.5 கோடி பவுண்டு பிடிபட்ட ஏரி டிரவுட் மீன், 1960-களின் தொடக்கத்தில் 3 லட்சம் பவுண்டுக்குச் சுருங்கியது. அளவுக்கு மீறிப் பிடிச்சதும் ஒரு காரணம். ஆனா லாம்ப்ரே இருக்கிறவரை டிரவுட் மீண்டு வர வழியே இல்லை.

1954-ல் ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, பேரேரி மீன்வள ஆணையத்தை உருவாக்கினாங்க. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ஆணையம் யாரோட அதிகாரத்தையும் பிடுங்கலை. எவ்வளவு மீன் பிடிக்கலாம்னு சட்டம் போடற உரிமை அந்தந்த ஊர் அரசுகள்கிட்டயே இருந்தது. ஆணையத்தோட முக்கிய வேலை ரெண்டுதான்: சேர்ந்து ஆராய்ச்சி செய்யறது, சேர்ந்து லாம்ப்ரேயை அடக்கறது. நாட்டுக்கு ஒரு ஓட்டு. ரெண்டும் சம்மதிச்சாத்தான் முடிவு. லாம்ப்ரே செலவுல அமெரிக்கா 69%, கனடா 31%. காசு கூடக் குடுத்தாலும் ஓட்டு ஒண்ணுதான்.

லாம்ப்ரே குஞ்சுகள் ஏரிக்கு வரும் ஓடைகளின் சேற்றில் பல வருஷம் புதைந்து வாழும். அதைக் கொன்று மற்ற மீன்களை விட்டுவைக்கும் மருந்தைத் தேடி, கிட்டத்தட்ட 6,000 ரசாயனங்களைச் சோதிச்சாங்க. கிடைச்சதுதான் டி.எஃப்.எம். 1958-ல் சுப்பீரியர் ஏரியின் ஓடைகளில் ஊற்ற ஆரம்பிச்சாங்க. காலப்போக்கில் லாம்ப்ரே சுமார் 90% குறைந்தது.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் எழுதியிருக்கவே மாட்டேன். 2020-ல் கொரோனா வந்து, மருந்து ஊத்தற வேலை பெரும்பகுதி நின்னுபோச்சு. அடுத்தடுத்த வருஷங்கள்ல லாம்ப்ரே மறுபடி பெருகிடுச்சு. அறுபது வருஷ உழைப்பு, ரெண்டு சீசன் தடங்கலையே தாங்கலை. அதனாலதான் சொல்றேன், ரெண்டு நாட்டு ஒத்துழைப்புங்கறது ஒரு தடவை கையெழுத்து போட்டு முடிக்கிற ப்ராஜெக்ட் இல்லை. அது மெயின்டனன்ஸ். ரிப்பன் வெட்டற விழா இல்லாத, வருஷா வருஷம் பட்ஜெட் கேக்கற வேலை.

"லாம்ப்ரே பொது எதிரி, அதனால ஈஸி"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. லாம்ப்ரேயைக் கொன்னா யார் வீட்டு அடுப்பும் அணையாது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நிலைமை வேற. தான்சானியா, உகாண்டா, கென்யா மூணுக்கும் பொதுவான ஏரி அது. கென்யாவின் பங்கு வெறும் 6%. 1994-ல் அங்கேயும் மூணு நாடும் சேர்ந்து ஒரு மீன்வள அமைப்பை உருவாக்கினாங்க. 50 செ.மீ.க்குச் சின்ன நைல் பெர்ச் பிடிக்கக் கூடாதுன்னு விதியும் இருக்கு. ஆனா அங்கே கட்டுப்படுத்த வேண்டியது மீனவரை. அன்னிக்குப் பிடிச்சாத்தான் அன்னிக்குச் சோறுங்கற மனுஷரை. ஒரு கரையில் கெடுபிடி, இன்னொரு கரையில் கண்டுக்காம விட்டா, விதியை மதிச்சவர்தான் முட்டாள் ஆவார்.

அதனால அங்கே காவல் படகு மட்டும் போதாதுன்னு நினைக்கறேன். மூணு கரையிலயும் ஒரே நாள்ல ஒரே விதி, அந்த நாட்களுக்கு மீனவர் குடும்பத்துக்கு வருமானம், ரெண்டுக்கும் பொதுவான பணம். மீன் எண்ணிக்கையையும் சேர்ந்தே எடுக்கணும். இல்லைன்னா "உங்க ஆளுதான் அதிகம் பிடிக்கறான்"ங்கற சண்டை தீரவே தீராது.

எங்க ஹாஸ்டல் கதைக்கு மிச்சம் ஒண்ணு இருக்கு. முட்டை பொரியும், ரெண்டு வாரத்துல மறுபடி அடிக்கணும்னு மருந்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்தத் தடவை ரெண்டு ரூம்லயும் யாரும் காசு எடுக்கலை. இதை எழுதும்போது கையைச் சொறிஞ்சுக்கிட்டேதான் எழுதறேன்.